வசந்தாதேவியின் மடிப்பிச்சை

மருந்துக்கடையில் சனம் குறைந்த மத்தியான நேரம். கம்சாயினி இருமல் பாணிப் போத்தல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காசு மேசைக்குப் பின்னால் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பஹீமா திடீரென்று எழுந்து வந்தாள். கம்சாயினியின் கையில் இருந்த போத்தலை வாங்கி வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினாள்.

“கம்சா, பயப்பிடாதீங்க. இது உங்கட அம்மாதானே?”

பயப்படாதே என்று யாராவது சொன்ன பிறகுதான் மனிதருக்குப் பயமே தொடங்குகிறது. கம்சாயினி போனை வாங்கினாள்.

வீடியோவில் வசந்தாதேவி யாரோ ஒருவருடைய வேலி வாசலில் நின்றாள். மஞ்சள் சேலை, வெறுங்கால். சேலைத் தலைப்பை மடிபோல ஏந்திப் பிடித்திருந்தாள். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. “ஏனம்மா இந்த வெயிலுக்குள்ள கையேந்துறீங்க? பிள்ளைகள் இல்லையா?” என்று ஒரு ஆண் குரல் தேன் ஒழுகக் கேட்டது. வசந்தாதேவி கேட்டவனைப் பார்த்துச் சிரித்தாள். “எனக்கு ஆருமில்ல மகன்” என்றாள். அந்த இடத்தில் படம் மெதுவாகியது. பின்னணியில் புல்லாங்குழல் அழத் தொடங்கியது. எனக்கு ஆருமில்ல மகன், எனக்கு ஆருமில்ல என்று அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த காட்சியில் கம்சாயினியின் வீடு. ஓட்டுக் கூரை, கேற், வாசலில் நிற்கும் அவளுடைய ஸ்கூட்டி. பிறகு வளவின் பின்மூலையில் தகரம் போட்ட ஒற்றை அறை, கொடியில் காய்கிற அம்மாவின் சேலை. படத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடியது: ‘மகள் மாளிகையில், பெற்றவள் கொட்டிலில்!’

போட்டவன் றஜீவன். ‘கண்ணீருக்கு ஒரு கை’ என்ற யூடியூப் சனலைக் கேள்விப்படாதவர்கள் மட்டக்களப்பில் குறைவு. வெளிநாட்டு உறவுகளிடம் உதவி வாங்கி, ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். கொடுப்பதற்கு முன் அவர்கள் அழவேண்டும். அழாவிட்டால் அழும்வரை கேள்வி கேட்பான். அவன் உதவிய வீடுகள் இருக்கின்றன, அதை இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அழுகையில்லாத நாளில் அவனுக்குப் பிழைப்பில்லை.

இந்த இடத்தில் ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் தாய் இருந்த வீடு மகளுக்குப் போகும். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேருவான். தாய் அதே வளவுக்குள் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பின்னுக்குப் போவாள். வசந்தாதேவியின் தாயும் அந்தப் பின்னறைக்குப் போனவள்தான். கம்சாயினிக்கு ஒரு மகள் பிறந்து வளர்ந்தால் அவளும் அங்கேதான் போவாள். இது றஜீவனுக்குத் தெரியாத விஷயமில்லை. அவன் பனிச்சங்கேணிப் பொடியன். அவனுடைய தாயும் இன்றைக்கு ஏதோ ஒரு மகளின் வளவில் பின்னறையில்தான் படுத்திருப்பாள்.

மடிப்பிச்சையும் அவனுக்குத் தெரியும். கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும் வைகாசி மாதத்தில் நேர்த்தி வைத்த பெண்கள் வீடு வீடாகப் போய் மடியில் அரிசி ஏந்துவார்கள். வீட்டிலே மூட்டை மூட்டையாக நெல் இருப்பவளும் ஏந்துவாள். ஏந்தும் நேரத்தில் நான் இன்னார், என் பிள்ளை இப்படி என்று பெருமை பேசுவதில்லை. கேட்டால், எனக்கு ஆருமில்லை, அம்மாள் மட்டுந்தான் என்று சொல்வார்கள். வசந்தாதேவியும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். றஜீவன் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டான். நேர்த்திக்கு அடையாளமாக அவள் கையில் இருந்த வேப்பங்குழையும் படத்துக்குள் வராதபடி ஓரம் வெட்டப்பட்டிருந்தது. தெரியாமல் செய்கிறவன் குழையை வெட்டமாட்டான். கம்சாயினிக்கு அதுதான் முதலில் உறைத்தது.

“கொமென்ட்ட வாசிக்காதீங்க கம்சா” என்றாள் பஹீமா.

வாசிக்காமல் இருக்க யாரால் முடியும்? பூப் படம் வைத்தவர், சிங்கப் படம் வைத்தவர், சினிமா நடிகரின் முகத்தை வைத்தவர் என்று எல்லோரும் அவளைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள். இவளெல்லாம் ஒரு பெண்ணா? நாய்க்குக் கூட நன்றி இருக்கிறது. விலாசத்தைப் போடுங்க அண்ணா, மிச்சத்தை நாங்க பாத்துக்கிறம். இதற்குள் யாரோ விலாசத்தைப் போட்டும் விட்டார்கள். தேற்றாத்தீவு, இன்ன வீதி, பச்சைக் கேற். வேலை செய்யும் கடையின் பெயரும் வந்திருந்தது. அவளுடைய கல்யாணப் படம் வந்திருந்தது. கூடப் படித்தவள்தான் எடுத்துக் கொடுத்திருக்கவேண்டும். ஏனென்றால் படத்துக்குக் கீழே இப்படி ஒன்று எழுதியிருந்தது: ‘முடிச்சு ஏழு வருசம். பிள்ளை தங்கல்ல. ஏனெண்டு இப்ப விளங்குதா?’ அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள். ‘தங்கவும் கூடாது.’ ‘பெத்தவள்ட வயிறு எரிஞ்சா இவள்ட வயிறு எரியும்.’

கம்சாயினியின் கை தன்னையறியாமல் சேலைக்கு மேல் வயிற்றில் போய் நின்றது. முன்பு இரண்டு தரம் தரித்து இரண்டு தரமும் போனது. இப்போது நாலாம் மாதம். புருசனுக்கும் அம்மாவுக்கும், கதிரை இழுத்துப் போடுகிற பஹீமாவுக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்து போவதும் அதனால்தான்.

அவள் படித்தவள். கண்ணூறு, சாபம் என்று யாரும் வந்தால் இரும்புச்சத்துக் குளிசையை எடுத்துக் கையில் கொடுக்கிறவள். ஆனால் முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் ஒரே வயிற்றைப் பார்த்துச் சபித்தால் அதற்கு எந்தத் தட்டில் மருந்து இருக்கிறது? பயந்துபோனாள். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், நடுங்கிப்போனாள்.

பஹீமாதான் யோசனை சொன்னாள். “இது நேர்த்தியெண்டு நீங்களே எழுதுங்க. விளங்கிற சனமும் இரிக்கும்தானே.” கம்சாயினி தன் பெயரிலேயே எழுதினாள். இது பிச்சையில்லை, மடிப்பிச்சை, அம்மாவின் நேர்த்திக்கடன், அந்த வீடு அம்மா எனக்குத் தந்த சீதனம் என்று எழுதினாள். எழுதி முடிக்குமுன் பாய்ந்தார்கள். ஆ, மாளிகைக்காரி வந்திற்றா. தாயிட வீட்டையும் பறிச்சிற்றாளாம், அவளே சொல்றாள். நேர்த்தியென்றால் என்ன நேர்த்தி? எதுக்கு? சொல்லு பாப்பம். சொல்ல ஏலாதெண்டா பொய்தானே?

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. சொல்ல முடியாது, அவ்வளவுதான். வசந்தாதேவியின் தாய்வழியில் ஒரு கட்டுப்பாடு. மடியேந்துகிறவள் எதற்காக ஏந்துகிறாள் என்பதை, சடங்கு முடிந்து, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி நடக்கும்வரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அது வெறும் பிச்சையாகிவிடும், கேட்டது கையை விட்டுப் போய்விடும். அம்மா மகளுக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே மகளுக்குத் தெரியும். இதற்குமுன் இரண்டு தரமும் அம்மா நேர்த்தி வைக்கவில்லை, மகள் சிரிப்பாள் என்று விட்டுவிட்டாள். இந்த முறைதான் கேட்காமல் இறங்கினாள்.

பின்னேரம் கடைக்கு போன் அடிக்கத் தொடங்கியது. முதல் போனை முதலாளி எடுத்தார். இரண்டாவதையும் எடுத்தார். அதன்பிறகு ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “பிள்ள, கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லுங்க” என்றார். நல்ல மனுசன். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். ஏறின சனம் எல்லோர் கையிலும் போன். யார் பாட்டுக் கேட்கிறார், யார் தன்னைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. முன்சீற்றில் இருந்த பொடியன் ஒருவன் போனைப் பார்த்தான், திரும்பி அவளைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். பிறகு போனை மெல்ல உயர்த்தினான். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு குற்றமும் செய்யாதவள், பிடிபட்ட கள்ளியைப் போல முகத்தை மூடிக்கொண்டு ஊருக்குள் இறங்கினாள்.

வசந்தாதேவி பின்னறை வாசலில் குந்தியிருந்து அன்றைய மடியரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் இருப்பது பொத்தான் அமுக்குகிற சின்ன போன். உலகம் முழுக்கத் தன்னைப் பார்த்து அழுவது அவளுக்குத் தெரியாது.

“அம்மா, உங்களோட ஒரு பொடியன் கதைச்சவனா? கமராவோட?”

“ஓம் மகள். ஆத்துக்கு அங்கால படுவான்கரையில கண்டன். நல்ல பொடியன். நான் ஆத்தைக் கடந்து வரக்குள்ள அவனும் பின்னால வந்தான். மோட்டச் சைக்கிளில ஏறுங்க அம்மா எண்டான். நேர்த்திக்கு நடக்கிறன், ஏறமாட்டன் எண்டன். பாவம், சைக்கிள உருட்டிக்கிட்டு வீடு மட்டும் வந்தவன். தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக் குடுத்தன். ரெண்டு கிளாஸ் குடிச்சான்.”

கம்சாயினிக்கு உடம்பு கூசியது. அவன் இந்த வளவுக்குள் நின்றிருக்கிறான். இந்த வாசலில் இருந்து தண்ணீர் குடித்திருக்கிறான். நேர்த்தி என்று அம்மாவின் வாயாலேயே கேட்டிருக்கிறான். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கொடியில் காய்ந்த சேலையைப் படம் எடுத்திருக்கிறான்.

போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். வசந்தாதேவி தன்னைப் பார்த்து முதலில் வெட்கப்பட்டாள். பிறகு புல்லாங்குழல் வந்தது, சிவப்பு எழுத்து வந்தது. மகள் வாசித்துக் காட்டினாள், வயிற்றைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிட்டு. கிழவியின் கை அரிசிச் சுளகில் அப்படியே நின்றது.

“நான் அவன்ட சொல்றன் மகள். எதுக்கெண்டு நான் சொல்றன்.”

“என்னண்டு சொல்லுவீங்க?”

வசந்தாதேவி வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள், முகத்துக்குக் கீழே பார்த்தாள், சுளகைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வேணாம் அம்மா. ஒண்டும் சொல்லாதீங்க” என்றாள் கம்சாயினி. சொன்ன பிறகு அவளுக்கே திகைப்பாக இருந்தது. நான் எப்போது இதை நம்பத் தொடங்கினேன்?

விடிந்ததும் காகங்களின் சத்தம் கேற்றடியில் பெரிதாக இருந்தது. போய்ப் பார்த்தாள். கேற்றில் சோற்றுப் பார்சல்கள் கொழுவியிருந்தன. ஒன்றில் மீன்குழம்பு கசிந்து ஒழுகியது. ஒரு பையில் பழைய சேலை இரண்டு. ஒரு பார்சலில் காகிதம் குத்தி, ‘அம்மா சாப்பிடுங்க, நாங்க இருக்கிறம்’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், ‘மகள் தொடக்கூடாது’ என்று இருந்தது. கல்லெறிந்திருந்தாலும் இவ்வளவு பயம் வந்திராது. இருட்டுக்குள் எத்தனை பேர் இந்தக் கேற்றுவரை வந்து, கையை வைத்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! காகங்கள் பார்சலைக் கிழித்துச் சோற்றை வாசலெல்லாம் இறைத்தன.

வட்ஸ்அப்பில் தெரியாத நம்பர்களில் இருந்து குரல் பதிவுகள் வந்து குவிந்திருந்தன. ஒன்றைத்தான் திறந்தாள். வெளிநாட்டில் இருந்து ஒரு பெண். விக்கி விக்கி அழுதாள். என்ட அம்மாவ நான் கடைசியாப் பார்க்கவும் ஏலாமப் போச்சுதே, உனக்குப் பக்கத்தில வச்சிருக்கக் குடுத்து வச்சிருக்கே என்று அழுதாள். அழுத வாயாலேயே, நீ புழுத்துத்தான் சாவாய் என்றாள். கம்சாயினிக்கு அவளைக் கோபிக்கவும் முடியவில்லை. தன் தாய்க்கு அழவேண்டியதை யாரோ ஒருத்தியின் தாய்க்கு அழுகிறாள்.

புருசன் நிலோஜன் வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. கிழமைக்கு ஒருக்கால்தான் வருவான். போன் எடுத்தான்.

“கேற்றப் பூட்டு கம்சா. ஆர் கூப்பிட்டாலும் திறக்காத. நான் பின்னேரம் வாறன்.”

“கெதியா வாங்க.”

“இஞ்ச எல்லாரும் பாத்திற்றாங்க. வள்ளக்காரனெல்லாம் கேக்கிறான், உன்ட மாமிக்குச் சோறு இல்லையா எண்டு.” குரலைத் தாழ்த்தினான். “உண்மையா, மாமி ஏன் அப்பிடிச் சொன்னவ?”

அந்தக் கேள்வியில்தான் அவள் உடைந்தாள். அந்த வீட்டில் ஏழு வருசம் மாமியாரின் கையால் சாப்பிட்டவன். அவனுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டதென்றால், ஊருக்கு என்ன சொல்வது? விளக்கம் சொன்னாள். ஓம், ஓம் என்று கேட்டான். குரலில் அந்த நொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிபோல றஜீவன் புதிதாக ஒன்று போட்டான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. “உறவுகளே, மகள் இது நேர்த்தியெண்டு சொல்றா. நாம ஒரு பக்கம் மட்டும் கேக்கிற ஆக்கள் இல்ல. இண்டைக்கு மத்தியானம் நேரா வீட்டுக்குப் போறம். லைவ்வில அம்மாவையே கேப்பம். நேர்த்தியெண்டா என்ன நேர்த்தியெண்டு அம்மா சொல்லட்டும். நான் மகள்ட காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறன். இல்லையெண்டா, முதியோர் இல்லத்து வானும் என்னோட வருது.”

எல்லாத் திசையும் அடைபட்டுப்போனது. பொலிசுக்குப் போகலாம் என்றால் அம்மாவைத் தனியே விட்டுப் போகவேண்டும். அம்மாவோடு போகலாம் என்றால் வீதியெல்லாம் கண். பக்கத்து வீட்டாருக்கு உண்மை தெரியும். ஆனால் அவர்களும் காலையில் இருந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு மேலால் ஒரு தலை மட்டும் வந்து, “என்ன மகள் சோலி இது” என்று கேட்டுவிட்டு மறைந்தது. தங்கள் வீடும் படத்துக்குள் வந்துவிடும் என்ற பயம். அவர்களைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“அம்மா, நீங்க அறைக்குள்ள இருங்க. என்ன நடந்தாலும் வெளிய வராதீங்க.”

வசந்தாதேவி தலையாட்டினாள். தலையாட்டின விதத்திலேயே வருவாள் என்று தெரிந்தது.

சொன்னபடியே வந்தார்கள். முன்னால் மோட்டார் சைக்கிளில் றஜீவன், பின்னால் இரண்டு ஓட்டோ, அதற்குப் பின்னால் வெள்ளை வான். ஓட்டோவில் இருந்து பெண்கள் இறங்கினார்கள். அந்த ஊர் முகம் ஒன்றும் இல்லை. றஜீவன் நீளத் தடியில் போனைப் பூட்டி, முதலில் கேற்றைக் காட்டினான், காகம் இறைத்த சோற்றைக் காட்டினான். “பாருங்க உறவுகளே, நீங்க அம்மாவுக்கு அனுப்பின சாப்பாட்ட என்ன செஞ்சிரிக்காங்க எண்டு!” வந்தவர்கள் ஐயோ என்றார்கள். கேற்றை உலுக்கினார்கள்.

கம்சாயினி கேற்றுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். “போயிருங்க. இது எங்கட வீட்டு விசயம்” என்றாள். குரல் எழும்பவே இல்லை.

“அக்கா, பயப்பிடாதீங்க. நாங்க சண்டைக்கு வரல்ல” என்றான் றஜீவன். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருந்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. இதயங்களும் கோப முகங்களும் கீழிருந்து மேலே பறந்துகொண்டிருந்தன.

அப்போது பின்னால் கதவு திறந்தது. வசந்தாதேவி வந்தாள். கூட்டம் ஒரே குரலில் “அம்மா!” என்றது. ஒருத்தி அழத் தொடங்கினாள்.

“அம்மா, கிட்ட வாங்க. ஆருக்கும் பயப்பிடத் தேவையில்ல” என்றான் றஜீவன். “நீங்க கையேந்தினது நேர்த்திக்கெண்டு மகள் சொல்றா. என்ன நேர்த்தி அம்மா? ஆருக்காக? அம்மாள் மேல ஆணையாச் சொல்லுங்க, நாங்க போயிருவம்.”

போயிருவம். அந்தச் சொல்லைக் கேட்டதும் வசந்தாதேவியின் முகம் மாறியதைக் கம்சாயினி கண்டாள். ஒரு சொல் சொன்னால் இந்தச் சனம் போய்விடும், மகளை விட்டுவிடும். கிழவி அதை நம்பிவிட்டாள். இரண்டு கையையும் கூப்பி, கமராவைப் பார்த்து, “மகன், ஆணையாச் சொல்றன். என்ட மகள் தங்கம். நான் ஏந்தினது இவள்ட வயித்தில...” என்று தொடங்கினாள்.

“பொய்!” என்று கத்தினாள் கம்சாயினி.

அவ்வளவு சத்தம் தன் தொண்டையில் இருந்தது அவளுக்கே தெரியாது. கூட்டம் அடங்கியது. அம்மா பாதி வாயோடு நின்றாள். இன்னும் ஒரு சொல்லுக்குள் அது வெளியே வந்துவிடும். அடுக்கிய மருந்தெல்லாம், படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியாது. இந்தப் பிள்ளையும் போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் அவளுக்குள் நின்றது. முந்தின இரண்டு தரமும் இரத்தத்தைப் பார்த்த குளியலறைத் தரை கண்ணுக்கு முன் வந்தது.

“அம்மா பொய் சொல்லுறா. என்னக் காப்பாத்தச் சொல்லுறா. நேர்த்தியுமில்ல, ஒண்டுமில்ல” என்றாள். “நான்தான் சோறு போடல்ல. நான்தான் ஏந்தப் போகச் சொன்னன். உங்களுக்கு இது காணுமா?”

றஜீவனின் வாய் திறந்தபடி நின்றது. அவள் சொல்வது பொய் என்று வந்தவர்களில் நிச்சயமாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தடியைச் சற்று விலக்கி, கமராவுக்குக் கேட்காத குரலில், “என்னக்கா சொல்றீங்க?” என்றான். ஒரு கணம் அவன் வெறும் பொடியனாக, பயந்த பொடியனாகத் தெரிந்தான். பிறகு கண் திரையின் பக்கம் போனது. அங்கே பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். தடி திரும்பவும் அவள் முகத்துக்கு வந்தது.

“கேட்டீங்களா உறவுகளே! அவட வாயாலேயே கேட்டீங்களா!”

அதற்குப்பிறகு கேற்றடியில் கேட்டதை எழுத வேண்டாம். ஒருத்தி துப்பினாள். எச்சில் கம்சாயினியின் தோளில் விழுந்தது. வான்காரர் இறங்கி, “அம்மா, உடுப்ப எடுத்துக்கிட்டு வாங்க. நல்ல இடம், நேரத்துக்குச் சாப்பாடு” என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். வசந்தாதேவி மகளைப் பார்த்தாள். அவள் முட்டாளில்லை. மகள் எதற்காகத் தன் தலையில் நெருப்பைக் கொட்டிக்கொண்டாள் என்பது அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இனி வாயைத் திறந்தால் மகள் செய்தது வீண். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, வரமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் அழுதது. அடித்து மிரட்டி வைத்திருக்கிறாள், அந்த அம்மா பேசக்கூடப் பயப்படுகிறா என்றார்கள்.

பின்னேரம் நிலோஜன் வந்து சேர்ந்தபோது கூட்டம் வெறும் வானோடு போய்விட்டிருந்தது, கேற் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. வழியெல்லாம் போனில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். “ஏன்டி இப்பிடிச் சொன்ன?” என்று கேட்டான். அவள் வயிற்றைக் காட்டினாள், பின்னறையைக் காட்டினாள். அவன் வாசற்படியில் குந்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். ஏசவில்லை. காலையில் கேட்ட கேள்விக்காக அவன் வெட்கப்பட்டது தெரிந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கடை முதலாளி போன் எடுத்து, இனி வரவேண்டாம் என்பதை மூன்று விதமாகச் சுற்றிச் சுற்றிச் சொன்னார். பஹீமா மட்டும், “நான் அழுறன் கம்சா, வேற என்ன செய்யிறதெண்டு தெரியா” என்று அனுப்பியிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் வசந்தாதேவி குளித்து, மஞ்சள் சேலை கட்டி, வேப்பங்குழை ஒடித்துக்கொண்டு புறப்பட்டாள். ஏந்தத் தொடங்கினால் கோயில் கதவு திறக்கும்வரை விடக்கூடாது. இன்றைக்குக் கடைசி நாள். கம்சாயினி மறித்தாள், அழுதாள். நிலோஜன் கூடவே வருகிறேன் என்றான்.

“ஆம்பிளத் துணையோட ஆராச்சும் மடிப்பிச்சைக்குப் போறதா? விடுங்க” என்றாள் கிழவி. “அவள் அவ்வளவு செஞ்சிரிக்காள். நான் இதச் செய்யாம விடுறதா?”

போன பிறகு கம்சாயினி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். நாய் குரைத்தாலும் எழுந்து நின்றாள். வயிற்றுக்குள் சின்னதாக ஏதும் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வலிக்கவில்லை. வலிக்காததும் அவளைப் பயமுறுத்தியது.

வெயில் சாயும் நேரத்தில் வசந்தாதேவி வந்தாள். மற்ற நாளில் மடியின் அடியில் கொஞ்சம் அரிசி கிடக்கும். இன்றைக்கு மடி கொள்ளாமல், யாரோ கொடுத்த பையிலும் நிரப்பிக்கொண்டு, பாரத்தால் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். நிலோஜன் ஓடிப்போய்ப் பையை வாங்கினான். கம்சாயினி பாய் விரித்தாள். அரிசி குவியலாகக் கொட்டியது.

“எல்லாரும் என்ன அடையாளம் கண்டிற்றாங்க மகள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போட்டாங்க.”

“நல்லதுதானே அம்மா. நேர்த்தி நிறைஞ்சிற்று.”

வசந்தாதேவி பாயோரத்தில் இருந்து, தூசி படிந்த காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டாம் என்று கம்சாயினிக்கு மனம் சொன்னது. கேட்டாள். “என்னம்மா?”

“போடக்குள்ள உன்னத் திட்டித் திட்டிப் போடுறாங்க மகள். உன்ட வயித்தச் சொல்லிச் சொல்லிப் போடுறாங்க. நான் வாய் திறக்க ஏலா. மடிய மூடவும் ஏலா. ஏந்திக்கிட்டு நிண்டன்.”

நிலோஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கம்சாயினி பாய்க்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினாள். பயத்தை விழுங்கிக்கொண்டு, எதையும் கணக்காகச் செய்கிற ஆளைப்போலப் பேசப் பார்த்தாள்.

“அத மட்டும் வேறாக்குவம் அம்மா. கோயிலுக்குக் குடுக்கிறதில கலக்காம விடுவம். எது அந்த அரிசி?”

வசந்தாதேவி குவியலைப் பார்த்தாள். கையை நீட்டி ஓரத்தில் கொஞ்சத்தை ஒதுக்கினாள். நடுவில் கொஞ்சத்தை ஒதுக்கினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

“எல்லாந்தான் மகள்” என்றாள்.